ஏடு ஓரிடம், எழுதுவோர் ஓரிடம்: கணக்கெழுதும் தொழிலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வணிகம் நடைபெறும் இடத்திலேயே அதன் கணக்கும் எழுதப்படுவது இயல்பு என்னும் எண்ணம் பரவலாக உண்டு. கல்லாப் பெட்டி, அதனருகே சாய்மேசை, மேசைமீது தடித்த பேரேடு, அதன்முன் குனிந்திருக்கும் கணக்கப்பிள்ளை என்ற காட்சி பழைய கடைகளை அறிந்தோர் மனத்திற் பதிந்த ஒன்று. இதனாற்போலும், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தம் வீட்டறையில் அமர்ந்து, தாம் ஒருநாளும் கண்டிராத மெல்பேர்ண் நகரத் தச்சுப்பட்டறை ஒன்றின் வரவு செலவை இணையத்தின் வழியே எழுதி முடிக்கும் ஒருவரின் தொழில், முன்தொடர்ச்சி எதுவுமற்ற புதுமையாகத் தோன்றுகின்றது. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும் ஊரடங்கும் பெற்றெடுத்த தொழில் இது எனக் கருதுவோரும் உளர்.

வரலாறு இக்கருத்துக்கு இடந்தருவதில்லை. ஏடு ஓரிடத்திலும் அதற்குரியவர் வேறோரிடத்திலும் இருந்த நிலை, வணிகம் ஊரெல்லையைக் கடந்த நாள் முதலே உண்டு. காலத்துக்குக் காலம் மாறிவந்தது தொலைவன்று. அத்தொலைவுக்கு அப்பாலிருந்து யார், எதனை, எப்பொழுது காண முடிந்தது என்பதே மாறிவந்தது. ஏட்டைக் காணும் உரிமை எவரிடம் இருந்ததோ அவரிடமே உறவின் அதிகாரமும் இருந்தது. முகிற்கணிமை எனப்படும் இன்றைய முறையினை ஆராயப் புகுவோர் இவ்வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

இத்தாலியின் பிராட்டோ நகரத்து வணிகரான பிரான்செஸ்கோ தாத்தினி 1410 இல் இறந்தவர். அவிஞோனில் முப்பதாண்டுகளுக்கு மேல் வணிகம் நடத்திய பின் சொந்த ஊர் திரும்பிய அவர், பீசா, புளோரன்ஸ், ஜெனோவா, பார்சலோனா, வலென்சியா, மயோர்க்கா ஆகிய இடங்களிற் கிளைகளை வைத்திருந்தார். அவருடைய வீட்டின் மாடிப்படியின் அடியில் அடைந்துகிடந்த ஏடுகள் 1870 இல் வெளிப்பட்டன. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கணக்கேடுகளும் ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் அவற்றுள் அடங்கும். ஏடுகளின் தொகையோடு ஒப்பிடுமிடத்துக் கடிதங்களின் தொகை வியப்பூட்டுவது. கிளைகள் ஆண்டுதோறும் கணக்கை முடித்து ஐந்தொகையின் படியைத் தலைமையிடத்துக்கு அனுப்பின. எனினும் ஐந்தொகை முடிவை மட்டுமே காட்டியது. அம்முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கேட்டறியவும், கடிந்துரைக்கவும், அறிவுறுத்தவும் கடிதமே வழியாயிற்று. தாத்தினியின் ஓயாத கடிதங்கள், தாம் காண முடியாத ஏட்டைக் காண முயன்ற ஒருவரின் முயற்சியே எனலாம்.

லூக்கா பாச்சியோலி 1494 இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலின் ஒரு பகுதி இரட்டைப் பதிவு முறையை முதன்முதலாக அச்சில் விளக்கியது. குறிப்பேடு, நாளேடு, பேரேடு என்னும் மூவகை ஏடுகளைப் பற்றி அதில் அவர் கூறியவை பலரும் அறிந்தவை. ஆயின் கடல்வழிப் பயணங்களுக்கும், பிறர் பொறுப்பில் விடப்படும் கடைகளுக்கும் கணக்கு வைக்கும் முறையையும் அவர் தனியே எடுத்துரைத்தமை அத்துணை கவனிக்கப்படவில்லை. பாடநூலின் தொடக்கத்திலேயே தொலைவும் ஓர் அத்தியாயமாக இருந்தது.

தமிழுலகில் இதற்கு மிக விரிவான எடுத்துக்காட்டு நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைத் தொழில் ஆகும். இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் வறண்ட ஊர்களைத் தாயகமாகக் கொண்ட இவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளுக்குப் பரவினர். 1869 இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலங்களை வயலாக்கிய உழவருக்குக் கடன் தந்தோருள் நகரத்தாரே முதன்மையானோர். 1929-30 இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தனவாகக் கணித்தது. கொழும்பில் அவர்களது கடைகள் நிறைந்திருந்த வீதி இன்றும் செட்டியார் தெரு என்றே தமிழில் வழங்குகின்றது.

இக்கடைகளின் அமைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. முதல் போட்டவர் பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடலுக்கு அப்பால் உள்ள கடையை அவருடைய முகவரான மேலாள் நடத்துவார். மேலாளுக்குக் கீழே அடுத்தாளும், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையனும் பணிபுரிவர். 'கொண்டுவிக்கப் போதல்' என அவர்கள் வழங்கிய இப்பணி பொதுவாக மூன்றாண்டுத் தவணையாக அமைந்தது. அன்றாட நடவடிக்கைகள் குறிப்பேட்டில் எழுதப்பட்டுப் பேரேட்டிற் பற்றுவரவாகப் பகுக்கப்பட்டன. வட்டிச்சிட்டையும் ஐந்தொகையும் அவற்றின் வழித் தோன்றின. காலந்தோறும் கடிதமும் கணக்கின் படியும் கப்பலேறி ஊர் சேர்ந்தன. இரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்யும் வழக்கம் இருந்தமையால், ஊரிலிருந்த முதலாளிக்கு வட்டிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு பொது அளவுகோல் கிட்டியது.

கணக்கின் படி ஊர் சேரும்பொழுது அது காட்டும் நிலை கடந்துபோன நிலையாகிவிடும். ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா, தவணையை நீட்டலாமா, ஈட்டை ஏற்கலாமா என்பனவற்றை மேலாளே அவ்விடத்தில், அந்நாளில், தீர்மானித்தல் வேண்டும். காலத்தாழ்வு அவருக்குத் தற்றுணிபை அளித்தது. அத்தற்றுணிபுக்கு முதலாளி கண்ட காவல் ஏட்டில் இல்லை; உறவிலும், ஊரிலும், கோயிலிலும், தவணை முடிந்து திரும்பியதும் கணக்கை ஒப்புவிக்க வேண்டும் என்ற கடப்பாட்டிலும் இருந்தது. மேலாளின் குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தமையும் இக்காவலின் ஒரு கூறு. நகரத்தாரின் நாணயத்தை அவர்களது இயல்பான குணச்சிறப்பாக மட்டும் புகழ்வது வழக்கமாகிவிட்டது. அந்நாணயம் ஒரு நிறுவன ஏற்பாட்டின் விளைவும் ஆகும் என்பதை மறத்தலாகாது.

அவ்வேற்பாட்டின் எல்லையும் விரைவில் வெளிப்பட்டது. 1930 ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. உழவர் கடனைத் தீர்க்க இயலாமையால் ஈட்டு நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசம் இருந்த பயிர்நிலம் 1930 இல் ஏறத்தாழ 6 சதவீதம். 1938 இல் ஏறத்தாழ 25 சதவீதம். பேரேட்டிற் கடனாக நின்ற தொகை நிலமாக மாறியதேயன்றிப் பணமாகத் திரும்பவில்லை. 1942 இல் யப்பானியப் படையெடுப்பின்போது பல்லாயிரம் இந்தியர் பர்மாவை விட்டு நீங்கினர். 1948 ஆம் ஆண்டு நிலத் தேசியமயச் சட்டம் நிலவுரிமையின் அடிப்படையையே மாற்றியது. ஊரிலிருந்த கணக்கின் படிகளில் ஒரு வரியும் பிழையில்லை. அவ்வரிகள் சுட்டிய நிலமும் கடனாளியும் எட்டாத் தொலைவுக்குப் போயினர். கணக்குச் சரியாக இருப்பதும் அது குறிக்கும் பொருள் கையில் இருப்பதும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் கொடிய சான்று காண்டல் அரிது.

நகரத்தாரின் ஏட்டை ஊரிலிருந்த முதலாளி காலந்தாழ்த்தியேனும் காண முடிந்தது. இலங்கையின் பெருந்தோட்டங்களில் நிலை வேறு. அங்கும் கணக்கு நெடுந்தூரம் பயணஞ் செய்தது. பிரட்டுக்களத்தில் தொடங்கும் அன்றைய வேலைக் கணக்கைக் கணக்கப்பிள்ளை குறிக்க, அது செக்றோலில் ஏறி, தோட்டத்துக் கந்தோரில் மாதக் கணக்காகி, கொழும்பு முகவர் கொம்பனிக்குச் சென்று, இறுதியில் இலண்டனில் உள்ள ஸ்ரேலிங் கொம்பனியின் பணிப்பாளர் முன் சில எண்களாக நின்றது. ஒரு தொழிலாளிக்கு 'அரைப்பேர்' போடப்பட்டதால் எழுந்த மனக்குமுறலுக்கு அவ்வெண்களில் இடமில்லை. மேலே செல்லச் செல்லக் கணக்குத் தெளிவடைந்தது. தெளிவடையும் அளவுக்கு மனிதர் மறைந்தனர்.

இதனினும் முக்கியமானது, கீழே இருந்தோர் எதனைக் காண முடிந்தது என்பது. கங்காணி முற்பணமாகத் தந்ததும், வழிச்செலவும், பிறவும் சேர்ந்து தொழிலாளியின் பெயரிற் கடனாக நின்றன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அவர் 'துண்டு' பெற வேண்டும். இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவரை விடுவிக்கச் சம்மதம் என அச்சீட்டுக் கூறும். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடன் தொழிலாளியோடு கூடவே செல்லும். எழுத்தறியாத ஒருவர், தம்மால் வாசிக்க இயலாத ஏட்டின் ஒரு வரியைச் சீட்டாகக் கையிற் சுமந்து மலையேறினார். துண்டு முறை 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. துண்டின் கொடுமையை ஆராய்ந்தோர் கடனின் அளவைப் பற்றிப் பெரிதும் எழுதியுள்ளனர். கடன்பட்டவர் தம் கணக்கைக் காணவும் மறுக்கவும் வழியின்றி இருந்தமையும் அக்கொடுமையின் உட்கூறே. தொலைவு இங்கு மைல்களில் அளக்கப்படுவதன்று. கந்தோரும் லயனும் ஒரே தோட்டத்திலேயே இருந்தன.

கடலடித் தந்தி 1870 இல் பிரித்தானியாவையும் பம்பாயையும் இணைத்தபொழுது விலைச் செய்தி விரைந்து பறந்தது. ஏடு தபாலிலேயே தொடர்ந்து சென்றது. ஏட்டின் வேகம் மாறுவதற்கு மின்னணுக் கணினி தோன்ற வேண்டியிருந்தது. அத்தோற்றத்திலும் தேயிலைக்கு ஒரு பங்குண்டு என்பது சுவையான செய்தி. இலண்டனில் தேநீர்க் கடைகளாற் பேர்பெற்ற லயன்ஸ் நிறுவனம், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு லியோ என்னும் கணினியைத் தானே அமைத்தது. 1951 இல் அது பேக்கரிப் பண்டங்களின் பெறுமதிக் கணக்கைச் செய்யத் தொடங்கியது. வணிக அலுவலகப் பணியில் ஒழுங்காக ஈடுபடுத்தப்பட்ட முதற் கணினி அதுவே எனக் கொள்ளப்படுகின்றது. பின்னர்த் தேநீர்க் கடைகளின் பொறுப்பாளர்கள் தொலைபேசியிற் சொல்லிய மாற்றங்களைக் கொண்டு மறுநாளைய அனுப்பீடுகளை அது கணித்தது. போர்ட் மோட்டார் நிறுவனம் போன்ற பிறரின் சம்பளக் கணக்கையும் லியோ செய்து கொடுத்தது. வேறொரு நிறுவனத்தின் கணக்கைத் தொலைவிலுள்ள பொறியில் வைத்துச் செய்தல் என்னும் கருத்து இவ்வாறு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செயலாயிற்று.

வீட்டிலிருந்து செய்யும் பணியும் அத்துணைப் பிந்தியதன்று. 1962 இல் ஸ்டெபனி ஷெர்லி பிரித்தானியாவில் தொடங்கிய நிறுவனம், குழந்தைகளின் பொருட்டு வேலையை விட்ட பெண்களுக்கு வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதும் வாய்ப்பை அளித்தது. 1973 இல் அமெரிக்காவின் ஜாக் நைல்ஸ் இவ்வகைப் பணிக்குத் தனிப்பெயரே சூட்டினார்.

ஆயினும் வளர்ச்சி நேர்கோட்டிற் செல்லவில்லை. 1979 இல் விசிகல்க் என்னும் விரிதாள் மென்பொருளும், 1980களில் தனியாட் கணினிகளும் வந்தபொழுது ஏடு மீண்டும் கடைக்கே திரும்பியது. 1986 இல் தொடங்கிய இந்திய நிறுவனத்தின் டலி மென்பொருள் தென்னாசியச் சிறு வணிகரிடையே பரவிய காலத்தில், கடையின் பின்னறையில் இருந்த ஒரு கணினியே பேரேடாயிற்று. கணக்காளர் மாதம் ஒருமுறை நேரில் வந்தார். தட்டில் ஒரு படி எடுத்துச் சென்றார். தாத்தினியின் படி அனுப்பும் முறை வேறு உருவிற் புத்துயிர் பெற்றது எனலாம். கடையில் ஒரு படி, கணக்காளரிடம் ஒரு படி. இரண்டுள் எது சரி என்ற சச்சரவு ஆண்டு முடிவில்.

இச்சச்சரவையே முகிற்கணிமை ஒழித்தது. 1998 இல் அமெரிக்காவில் நெட்லெட்ஜர் என்ற பெயரில் தோன்றிய நிறுவனமும், 2006 இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் தோன்றிய சீரோவும், 2011 முதல் தமிழ்நாட்டு நிறுவனமொன்றின் சோகோ புக்சும் ஒரே கருத்தின் வெவ்வேறு வடிவங்கள். அக்கருத்து, படி என ஒன்றே வேண்டியதில்லை என்பது. ஏடு இணையத்தில் ஓரிடத்தில் இருக்கும். உரிமையாளர், கணக்கெழுதுவோர், கணக்காய்வாளர் ஆகியோர் தத்தம் அனுமதிக்கு ஏற்ப அதே பக்கத்தைக் காண்பர். வங்கியின் நடவடிக்கைகள் தாமாக வந்து சேர்கின்றன. பற்றுச்சீட்டைக் கடைக்காரர் கைத்தொலைபேசியாற் படமெடுத்து அனுப்புகின்றார். கணக்கெழுதுவோர் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, பொருந்தாதவற்றுக்கு விளக்கம் கேட்கின்றார். முன்பு மாத முடிவில் அரும்பாடுபட்டு ஆக்கிய வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, நாள்தோறும் காலையிற் செய்யும் சிறுபணியாகிவிட்டது.

செட்டிநாட்டு முதலாளி கனவிலும் கண்டிராத நிலை இது. அவருக்குக் கிடைத்தது கடந்த காலத்தின் படி. மெல்பேர்ண் தச்சருக்குக் கிடைப்பது இந்நேரத்து ஏடு. அதேபொழுது மேலாளுக்கு இருந்த தற்றுணிபு தொலைவிலிருக்கும் கணக்கெழுதுவோருக்கு இல்லை. மேலாள் கடனாளியின் முகத்தையும் அவர் களத்தின் நெல்லையும் கண்டிருந்தார். இவரோ படமெடுத்து அனுப்பப்படாத எதனையும் அறியார். மரம் வாங்கியதாகச் சீட்டுக் கூறுமாயின் மரம் பட்டறைக்கு வந்ததா என்பதைச் சொல்ல இவரால் இயலாது. ஏட்டுக்கு மிக அண்மையிலும் பொருளுக்கு மிகச் சேய்மையிலும் நிற்பவர் இவர்.

அனைவரும் ஒரே ஏட்டைக் காண்பர் என்றவிடத்து ஒருவர் விடுபட்டுப்போகின்றார். ஏட்டைத் தன் பொறியில் வைத்திருக்கும் நிறுவனமே அவர். அவர் எதனைக் காண்கின்றார், எதனை மாற்ற வல்லவர் என்பது ஏட்டில் இல்லை. இவ்வினா கற்பனையானதன்று என்பதைப் பிரித்தானியாவின் தபால் நிலைய வரலாறு காட்டுகின்றது.

1999 முதல் அந்நாட்டுத் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்னும் கணக்கீட்டு முறைமை புகுத்தப்பட்டது. அது முகிற்கணிமைக்கு முற்பட்டது; எனினும் ஏடு மையத்தில், எழுதுவோர் ஊர்தோறும் என்ற அமைப்பு ஒன்றே. உப தபாலதிபர்கள் தம் சிறு கடைகளில் அன்றாடக் கணக்கைப் பதிந்தனர். பொறி குறைவு காட்டியபொழுது ஒப்பந்தப்படி அவர்களே அத்தொகையைச் செலுத்த வேண்டியிருந்தது. இல்லாத பணம் ஏன் குறைகிறது என அறிய அவர்களுக்கு வழியில்லை. 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலான குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர்மீது வழக்குத் தொடர்ந்தது தபால் நிறுவனமே. கணினி சரியாகவே இயங்கியது எனக் கொள்ளும் அனுமானம், 1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பின் அந்நாட்டு நீதிமன்றங்களில் நிலவியமை அவர்களது நிலையை மேலும் வலுவிழக்கச் செய்தது.

அலன் பேற்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபரும் அவரோடு சேர்ந்தோரும் தொடுத்த வழக்கில் 2019 திசெம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறைமையிற் பிழைகள் இருந்தன என்பதும், அதனை வழங்கிய நிறுவனத்தின் பணியாளர் உப தபாலதிபர் அறியாமலே தொலைவிலிருந்து கிளைக் கணக்கினுள் நுழையவும் மாற்றவும் முடிந்தது என்பதும் அத்தீர்ப்பில் வெளிப்பட்டன. அவ்வாறு முடியாது என்றே நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 2021 ஏப்பிரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. 2024 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி எஞ்சிய பலவற்றையும் நீக்கியது. அதற்குள் சிறை சென்றோரும், வீடிழந்தோரும், தம் பெயர் துலங்குமுன் இறந்தோரும் பலர். துண்டைக் கையிற் கொண்டு மலையேறிய தொழிலாளிக்கும், வாசிக்கத் தெரிந்திருந்தும் வாசிக்க முடியாத ஏட்டின் முன் நின்ற உப தபாலதிபருக்கும் இடையில் எண்பதாண்டு இடைவெளி உண்டு. நிலையில் வேறுபாடு அதிகமில்லை. ஹொரைசனை உருவாக்கிய ஐ.சி.எல். நிறுவனமும் அதனைப் பின்னர் உள்வாங்கிய புஜிட்சுவும், பல இணைப்புகளின் வழியே, தேநீர்க் கடைக்காரரின் அந்த லியோவின் வழித்தோன்றல்களே.

இத்தகைய இடர்களுக்குச் சட்டம் கண்ட பரிகாரங்கள் பழையவை. 1807 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வணிகச் சட்டக்கோவை, ஏட்டின் பக்கங்களுக்கு இலக்கமிட்டு அதிகாரி கையொப்பமிட வேண்டும் எனவும், இடையில் வெற்றிடம் விடலாகாது எனவும் விதித்தது. 2023 ஏப்பிரல் முதல் இந்தியா தன் நாட்டுக் கொம்பனிகளின் கணக்கீட்டு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடு பதிதல் வேண்டும், அப்பதிவு நிறுத்தப்பட முடியாததாக இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது. இரண்டின் நோக்கமும் ஒன்றே. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்பதிவுக்குச் சட்டவலுவை அளித்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பைப் பற்றியது. எனினும் இலங்கையர் ஒருவர் எழுதும் மெல்பேர்ண் ஏடு எந்நாட்டுப் பொறியில் இருக்கின்றதோ, அதன்மீது எந்நாட்டுச் சட்டம் செல்லும் என்பது எளிதில் விடைகாணும் வினாவன்று.

இவ்வினா எழுதுவோரையும் நேரடியாகப் பற்றியது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபொழுது, வெளிநாட்டாரின் ஏட்டை எழுதிவந்த இலங்கையரின் வீட்டில் இருளே நிறைந்தது. ஏடோ வேறொரு நாட்டில் ஒளியோடு திறந்து கிடந்தது. தவணை முடித்த மேலாள் தம் கணக்கின் படியைத் தாமே கொண்டுவந்து முதலாளியின் முன் வைத்தார். சச்சரவு எழுமாயின் எடுத்துக்காட்ட அவர் கையில் ஏடு இருந்தது. இன்றைய கணக்கெழுதுவோரின் பணி முடிவுறும் நாளில் உரிமையாளர் அனுமதிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்குகின்றார். அவர் மூன்றாண்டு எழுதிய ஒவ்வொரு வரியிலும் அவர் பெயரும் நேரமும் பதிந்திருக்கும். அவற்றுள் ஒன்றையேனும் அவர் அதன்பின் திறந்து பார்க்க இயலாது.